ஊசி குத்தினால் பரவிடுமா?

எங்கள் உறவில் யாருக்காவது மார்பில் கட்டி என்று பேச்சு வந்தால், அடுத்த நிமிடமே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “ஊசி குத்தவோ கத்தி வைக்கவோ விட்டுடாதீங்க, பொசுக்குன்னு பரவிடும்.” சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர் பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனார், சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், ஆறு மாதத்தில் ஆள் இல்லை. கண்ணால் பார்த்ததை மறுத்துப் பேசுவது கஷ்டம். ஆனால் இந்த ஒரு பேச்சு எத்தனை பெண்களை மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் புற்றுநோய் என்றால் என்ன, அது எப்படிப் பரவுகிறது என்பதை, நான் படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் புரிந்துகொண்ட அளவில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. தோல், குடல், ரத்தம் என்று பல இடங்களில் பழைய செல்கள் செத்துப் புதியவை வந்துகொண்டே இருக்கும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் படி எடுக்க வேண்டும், அப்படி எடுக்கும்போது பிழை விழும், அதைத் திருத்தும் ஏற்பாடும் செல்லுக்குள்ளேயே இருக்கிறது, திருத்த முடியாத அளவுக்குக் கெட்டுப்போனால் அந்த செல் தன்னையே முடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. அந்தக் காவல் வேலையைச் செய்யும் மரபணுக்களில் முக்கியமான ஒன்றின் பெயர் பி53. மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ஒரு மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

ஒரே ஒரு பிழையால் புற்றுநோய் வந்துவிடாது. வளரச் சொல்லும் மரபணு நிற்காமல் ஓட வேண்டும், நிறுத்தச் சொல்லும் மரபணு செயலிழக்க வேண்டும், சாக வேண்டிய செல் சாகாமல் இருக்க வேண்டும், இப்படிப் பல பிழைகள் ஒரே செல்வழியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்கு வருஷங்கள் ஆகும். பெரும்பாலான புற்றுநோய்கள் ஐம்பது அறுபது வயதுக்குமேல் அதிகமாக வருவதற்கு இதுதான் காரணம். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறால் நேரடியாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். “எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, எனக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்காத நோயாளி கிடையாது. பரம்பரையில் இல்லாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

கட்டி எல்லாம் புற்றுநோய் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொழுப்புக்கட்டி வருஷக்கணக்கில் தோலுக்கடியில் இருந்த இடத்திலேயே இருக்கும். மார்பில் தட்டுப்படும் கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி வளர்ந்தாலும் தன் எல்லையைத் தாண்டாது, புற்றுக்கட்டி தாண்டும். தொட்டுப் பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, ஸ்கேனிலும் சந்தேகம்தான் சொல்ல முடியும், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பெயர்தான் பயாப்சி.

சரி, பரவுவது எப்படி?

மார்பகப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் பால் குழாயின் உள்சுவரில்தான் அது ஆரம்பிக்கிறது. அந்தச் சுவருக்கு வெளியே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதைத் தாண்டாத வரை நோய் அந்தக் குழாய்க்குள் அடங்கியிருக்கிறது. பக்கத்து செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் புரதத்தைச் சில புற்றுச் செல்கள் இழந்துவிடுகின்றன, ஒட்டு விட்டதும் நகர ஆரம்பிக்கின்றன, சவ்வைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து வெளியே வருகின்றன. அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று நிணநீர்க் குழாய், அதில் போனால் முதல் நிறுத்தம் அக்குள். அதனால்தான் டாக்டர்கள் மார்பைப் பார்த்தவுடன் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். இன்னொரு வழி ரத்தக் குழாய். ரத்தத்தில் விழுந்த செல்லுக்கு அங்கே பிழைப்பது லேசில்லை. ஓட்டத்தின் வேகம் கிழித்துப்போடும், எதிர்ப்பு செல்கள் கொல்லும். விலங்குகளில் செய்த பரிசோதனைகளில், ரத்தத்தில் விட்ட பத்தாயிரம் புற்றுச் செல்களில் ஒன்றுகூடப் புதுக் கட்டியாக வளரவில்லை என்று கண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் ஒரு செல் சேர்ந்துவிட்டது என்பதற்காக நோய் பரவிவிடாது, அந்த செல் உயிரோடு ஒரு இடம் சேர்ந்து, சுவரைத் துளைத்து வெளியேறி, அந்நிய மண்ணில் தனக்கு ரத்தக் குழாய் வரவழைத்து, பிறகு வளர வேண்டும்.

மண் என்று நான் சொன்னது என் சொந்தச் சொல் இல்லை. 1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் உடற்கூறு ஆய்வுக் குறிப்புகளை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டார். ரத்தம் போகிற இடமெல்லாம் சமமாகப் பரவும் என்றால் மண்ணீரலிலும் நிறையப் பரவியிருக்க வேண்டும், அங்கேயும் ரத்தம் ஏராளமாகப் போகிறது. ஆனால் கல்லீரலில் பரவியிருந்தது 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு, மண்ணீரலில் 17 பேருக்கு மட்டும். விதை எல்லாத் திசையிலும் விழும், ஆனால் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். இன்றைக்கும் அந்தக் கருத்து நிற்கிறது. மார்பகப் புற்று எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று போகும், புராஸ்டேட் புற்று எலும்பைத் தேடிப் போகும். குடல் புற்று முதலில் கல்லீரலுக்குப் போவதற்கு மண் மட்டும் காரணமில்லை, குடலிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. சில செல்கள் போன இடத்தில் பத்து, பதினைந்து வருஷம் அசையாமல் கிடந்து பிறகு எழுவதும் உண்டு, அது ஏன் என்பதில்தான் இப்போது நிறைய ஆராய்ச்சி நடக்கிறது.

மார்பிலிருந்து எலும்புக்குப் போன நோய் எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. எலும்பில் உட்கார்ந்திருப்பதும் மார்பகச் செல்தான், மருந்தும் மார்பகப் புற்றுக்கான மருந்துதான். “முதல்ல மார்புல, அப்புறம் எலும்புல, ரெண்டு கேன்சர் வந்துடுச்சு” என்று குழம்பிப்போன குடும்பங்களை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நான் பார்த்திருக்கிறேன். யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் தீர்ந்துவிடும் குழப்பம் அது. ஆனால் கூட்டம் அப்படி, டாக்டருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

இப்போது ஊசிக்கு வருகிறேன். மார்பில் ஊசி போட்டு சதை எடுப்பதால் நோய் பரவி ஆயுள் குறைந்தது என்று இத்தனை வருஷ ஆய்வுகளில் யாரும் காட்டவில்லை. ஊசி போன பாதையில் சில செல்கள் ஒட்டிக்கொள்வது நடக்கக்கூடியதுதான், கல்லீரல் கட்டிகளில் அபூர்வமாக அது கட்டியாக வளர்ந்ததும் உண்டு. விதைப்பை, சினைப்பை போன்ற இடங்களில் ஊசி குத்தாமல் முழுதாக எடுத்துவிட்டுச் சோதிப்பதையே டாக்டர்கள் விரும்புவார்கள். எந்த இடத்தில் குத்தலாம், எந்த இடத்தில் கூடாது என்பது அவர்கள் படிப்பிலேயே இருக்கிறது. மார்பில் குத்தலாம். குத்தாமல் ஆரம்பிக்கவே முடியாது, ஏனென்றால் அந்தச் சதையை வைத்துத்தான் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையா, ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகையா என்று பார்த்து மருந்தை முடிவு செய்கிறார்கள்.

அறுவை சிகிச்சையின்போது செல்கள் கலைந்து ஓடுமா என்ற கேள்வியையும் மருத்துவர்கள் ஒதுக்கிவிடவில்லை. மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் 1,600 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2023-இல் வெளியானது. கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு அதைச் சுற்றி, மரத்துப்போவதற்குப் போடும் சாதாரண லிக்னோகைன் ஊசி மருந்தைச் செலுத்தினார்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அந்த ஊசி போடாத பிரிவில் நூற்றுக்கு 86, போட்ட பிரிவில் 90. மலிவான மருந்து, நம் நாட்டு ஆய்வு, நம் நாட்டுப் பெண்கள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. அந்த ஊசி போடாத பிரிவிலேயே நூற்றுக்கு 86 பேர் ஐந்து வருஷம் கழித்தும் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். கத்தி வைத்தவர்கள்தான் அவர்கள் எல்லோரும்.

அப்புறம் ஏன் ஊசி குத்திய ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள்? நம் ஊரில் பலர் கடைசியில்தான் குத்திக்கொள்ளப் போகிறார்கள், அதற்குள் நோய் ஏற்கெனவே போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிருக்கும். என் பெரியம்மா ஒட்டன்சத்திரம் பக்கம். குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது, வலி இல்லை. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பிறகு அவர் வீட்டில் சொன்னபோதும் ஊசி வேண்டாம் என்று முடிவாகி, யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துப் பத்துப் போட்டார்கள். “வேணாம் கண்ணு, குத்துனா கெளம்பிரும்கறாங்க” என்று என்னிடமே சொன்னார். கடைசியில் முதுகு வலி தாங்காமல்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. முதுகெலும்பில் இருந்தது. அங்கே பயாப்சி எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், வலி குறைய கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அவர் போன பிறகு ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா, ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியதால்தான் பரவிவிட்டது என்கிறார்கள். அடுத்து அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கட்டி வந்தால் இந்தக் கதைதான் அவளுக்குச் சொல்லப்படும்.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, மார்பைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 99. தூரத்து உறுப்புகளுக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் சுமார் 30. அதே நோய், அதே நாடு, அதே மருந்துக் கடைகள். நடுவில் இருப்பது காலம் மட்டும்தான்.

இதை உலக அளவில் பார்த்தால் இன்னும் வேதனை. 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 97 லட்சம் பேர் இறந்தார்கள். வாழ்நாளில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஆட்களைக் கொல்வதில் நுரையீரல் புற்று முதலிடம், ஒரே வருஷத்தில் 18 லட்சம் உயிர். இந்தியாவில் அந்த வருஷம் 14 லட்சம் புதிய நோயாளிகள், 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்கள். புதிய நோயாளிகளோடு மரணத்தை ஒப்பிட்டால், உலகக் கணக்கில் இரண்டு பேருக்கு ஒருவர் என்றால் இங்கே மூன்று பேருக்கு இரண்டு பேர் என்ற அளவில் போகிறது. இதற்குப் பல காரணங்கள் இருந்தாலும் பெரிய காரணம் தாமதம். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஒரு ஒப்பீடு என்னைத் தூங்கவிடவில்லை. மனிதவள மேம்பாட்டில் மிக உயர்ந்த இடத்தில் இருக்கும் நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வருகிறது, 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். கடைசி இடத்தில் இருக்கும் நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவு, சாவு அதிகம். ஏழை நாட்டுப் பெண் என்பதற்காக அவள் உடம்பில் செல் வேறு மாதிரி வளர்வதில்லை.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயில் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80-க்கும் மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30-க்கும் குறைவு. 2022-இல் ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கதிர்வீச்சு இயந்திரம்கூட இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது. 2050-இல் புதிய நோயாளிகள் வருஷத்துக்கு 3.5 கோடியைத் தாண்டுவார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். மக்கள் அதிக வயது வாழ்வதும் மக்கள்தொகை கூடுவதும் அதில் பெரும்பங்கு, அதோடு புகையிலை, மது, உடல் பருமன், கெட்ட காற்று. நோயாளிகளின் எண்ணிக்கை விகிதக் கணக்கில் மிக வேகமாகக் கூடப்போவது வசதி மிகக் குறைந்த நாடுகளில்தான், அங்கே இருமடங்குக்கும் மேல்.

பெரிய இயந்திரங்கள் இல்லாமல் ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், முடியும் என்று நிரூபித்ததில் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. 2000-க்குப் பிறகு அம்பிளிக்கையை மையமாக வைத்து, கிராமம் கிராமமாக 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருப்பது அதுதான். கெட்டுப்போக ஆரம்பித்த இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். தெரிந்த இடத்தை அப்போதே உறைய வைத்து அழித்துவிடலாம். 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவுகள் வந்தபோது, ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நான்கில் ஒரு பங்கும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. மும்பையில் குடிசைப் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்களை வைத்து இதே மாதிரி செய்ததில் மரணம் 31 சதவீதம் குறைந்தது. அங்கேயே மார்பைக் கையால் பரிசோதிப்பதையும் இருபது வருஷம் ஆராய்ந்தார்கள், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்று மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் இயந்திரம் எதுவும் இல்லாமல், பத்தாவது படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்த வேலை இது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பொறுத்தவரை அதற்கு முன்பே தடுக்கவும் வழி இருக்கிறது. அதற்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ் என்பதைக் கண்டதற்காக ஹரால்ட் ஸுர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸ் தயாரிக்கும் ஒரு புரதம், முன்பு சொன்ன பி53 காவலைப் பிடித்து அழித்துவிடுகிறது. தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு உடம்பே அதை விரட்டிவிடும், தங்கிவிட்டவர்களுக்குப் புற்றாக மாற பதினைந்து, இருபது வருஷம் ஆகும். அத்தனை வருஷ அவகாசம் கொடுக்கும் நோயில் இந்தியாவில் வருஷத்துக்கு சுமார் 80,000 பெண்கள் சாகிறார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் எச்பிவி தடுப்பூசி முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்று வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

வைரஸ் என்றதும் நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிடாதீர்கள். எச்பிவி உடலுறவு வழியாக வரும் தொற்று, சாப்பாட்டுத் தட்டில் வருவதில்லை. புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. கீமோ முடித்து வந்த பெண்ணைப் பேரக்குழந்தையைத் தூக்கவிடாத வீடுகள் இருக்கின்றன. அதைவிடக் கொடுமை எனக்குத் தெரிந்து இல்லை. எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் நாட்களில் குழந்தையின் சளியும் காய்ச்சலும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்பது உண்மை. யாரிடமிருந்து யாரைக் காக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்புப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். நோய் உறுதியானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், காம்பு உள்ளே இழுத்தால் அல்லது ரத்தம் கசிந்தால், வாய்ப்புண் மூன்று வாரம் ஆறாமல் இருந்தால் போய்க் காட்ட வேண்டும், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. பயாப்சி என்று சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு என்ன வகை, எங்கே வரை போயிருக்கிறது, எந்த சிகிச்சை முதலில், ஏன் என்று டாக்டரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள், கூட்டமாக இருந்தால் நர்ஸிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பரவிடும் என்று சொல்ல வந்தால் அவரையும் உட்கார வைத்து, திண்டுக்கல்லில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.